ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு ஏர் பியூரிஃபையர்: கும்பகோணத்து வீட்டில் உழைக்கிறதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு போய்விடலாம். கதவு ஜன்னல் சாத்திய படுக்கையறையில் இந்த இயந்திரம் சொன்ன வேலையைச் செய்கிறது. கூடத்திலோ, முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்திலோ, சமையலறைப் பக்கமோ வைத்தால் கரண்டுக்கும் காசுக்கும் கேடு. வீட்டில் இதய நோயாளி இருக்கிறார், வீடும் பஸ் போகிற ரோட்டின் மேலேயே இருக்கிறது என்றால் வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒரு சின்னப் பொருளை வாங்குங்கள், அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. சர்வீஸ் விஷயத்தில் அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அந்தக் கோபத்தோடு பெயரையும் போட்டால் இது விமர்சனமாக இருக்காது, பஞ்சாயத்தாகிவிடும். தவிர இந்த விலையில் வருகிற மாடல்கள் எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரே சாமான்கள்தான்: ஒரு மோட்டார், ஒரு விசிறி, நுண்ணிய தூசியைப் பிடிக்கிற ஒரு ஹெப்பா ஃபில்டர், மேலே எண் காட்டுகிற ஒரு விளக்கு. சுமார் பத்தாயிரம் ரூபாய். மாற்று ஃபில்டர் இரண்டாயிரத்தைத் தொடும், அதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை.

அப்பா எழுபதைத் தாண்டியவர், கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீடி, சிகரெட், வெற்றிலைச் சீவல் எதுவும் கிடையாது. அப்படிப்பட்டவருக்கு மாரடைப்பு வந்து தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்தோம். டிஸ்சார்ஜ் அன்றைக்கு டாக்டர் மாத்திரை, உப்பு, நடைப்பயிற்சி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "வீடு எங்க இருக்கு ஐயா?" என்று கேட்டார். பஸ் ரூட்டிலேயே, வாசல் படி இறங்கினால் தார் ரோடு என்றதும், "காலையில ரோட்டோரமா நடக்காதீங்க, வீட்டுக்குள்ள புகை போடாதீங்க" என்றார். அப்பாவுக்கு அது ஆஸ்துமாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தவறிப்போய்த் தன்னிடம் சொன்ன மாதிரி இருந்தது. இயந்திரம் வாங்கலாம் என்று நான் பேச்செடுத்தபோது அவர் கேட்டது: "நெஞ்சுவலிக்காரனுக்கு எதுக்கும்மா மூக்குக்கு மெஷின்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. காற்று மாசு என்றால் இருமல், சளி, மூச்சிறைப்பு என்றுதான் நமக்கெல்லாம் நினைப்பு. கணக்கு அப்படி இல்லை. வெளிக்காற்று மாசினால் 2019இல் உலகம் முழுக்க 42 லட்சம் பேர் ஆயுள் முடியும் முன்பே இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் 68 சதவீதம் இதய ரத்தக்குழாய் அடைப்பும் பக்கவாதமும். நுரையீரல் புற்றுநோயின் பங்கு 4 சதவீதம்தான். அதாவது கெட்ட காற்றை இழுப்பது நுரையீரல், அடி வாங்குவது பெரும்பாலும் இதயமும் மூளையும்.

இதற்குக் காரணமான முக்கியப் புள்ளியை பிஎம் 2.5 என்கிறார்கள். 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 30இல் ஒரு பங்கு. ரோட்டுப் புழுதியில் பெரியதெல்லாம் மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும், தும்மினால் வந்துவிடும். இது அப்படி மாட்டாது, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய் உட்காரும். உடம்பு அதை எதிர்த்து அழற்சியைக் கிளப்பும், அந்த அழற்சி அங்கேயே நிற்காமல் ரத்தத்தோடு சுற்றி ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்கும், ரத்தம் உறையும் தன்மையும் கூடும். இன்னொரு பக்கம் நரம்பு வழியாக ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் இயல்பாகக் கூடிக் குறைகிறதே, அந்த நெகிழ்வு குறையும். மிக மிக நுண்ணிய துகள்கள் நேராக ரத்தத்துக்குள்ளேயே போய்விடுகின்றன. எடின்பரோவில் ஆட்களைத் தங்க நானோ துகள்களைச் சுவாசிக்க வைத்துச் சோதித்தார்கள், 2017இல் வெளியானது. ரத்தத்திலும் சிறுநீரிலும் தங்கம் வந்தது. கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் வெட்டி எடுத்த கொழுப்புப் படிவிலும் அது போய் உட்கார்ந்திருந்தது. அடைப்பு இருக்கிற இடத்தைத் தேடிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் இதில் பயமுறுத்துகிற விஷயம். அப்பாவிடம் இத்தனையையும் விளக்கியதில் அவர் மனதில் நின்றது ஒன்றுதான்: "தங்கத்தையா மூச்சுல இழுக்க விட்டாங்க?"

அவரை உண்மையிலேயே யோசிக்க வைத்தது ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் வட்டாரத்தில் செய்த ஆய்வு, 2004இல் வந்தது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம், வலி வருவதற்கு முன்பு எங்கே இருந்தீர்கள் என்று மணி மணியாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். கார், பஸ், சைக்கிள் எதுவானாலும் சரி, போக்குவரத்துக்கு நடுவே இருந்துவிட்டு வந்த அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இதில் டிராஃபிக் எரிச்சலும் ஹாரன் சத்தமும் சேர்ந்திருக்கும், எல்லாமே புகை என்று சொல்ல முடியாது. ஆனால் மோட்டார் சைக்கிளில் மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு மாலை நேரம் போய் வந்தவர்களுக்கு இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்பதும் தெரியும்.

சரி, கடைக்கு வருவோம். கும்பகோணத்தில் இதைக் கடையில் வைத்து விற்பவர்கள் குறைவு. ஒரு பெரிய கடையில் கேட்டதற்கு விற்பனையாள் தம்பி உண்மையிலேயே அக்கறையாகச் சொன்னார்: "அக்கா, இதெல்லாம் டெல்லிக்காரங்க வாங்குறது. நம்ம ஊர்ல காவேரிக் காத்து. பேசாம ஒரு ஏசி எடுத்துக்கங்க, அதுலயே ஃபில்டர் இருக்கு." ஏசியில் இருப்பது வலை. பஞ்சும் பெரிய தூசியும்தான் அதில் நிற்கும், பிஎம் 2.5 துகள் அதைத் தாண்டிப் போய்விடும். காவேரிக் காற்று விஷயத்துக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் டெல்டாவில் யாரிடம் பேசினாலும் இதே பதில்தான்.

டெல்லியோடு ஒப்பிட்டால் நாம் எவ்வளவோ தேவலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதயத்தைப் பொறுத்தவரை ஆபத்து நேர்கோட்டில் ஏறுவதில்லை. குறைந்த அளவிலேயே அது வேகமாக ஏறிவிடுகிறது, மேலே போகப் போகத்தான் ஏற்றம் தணிகிறது. அதனால் டெல்லியில் பாதி மாசு என்றால் பாதி ஆபத்து என்று ஆகாது. அமெரிக்காவின் 6 நகரங்களில் 8,000க்கும் மேற்பட்டவர்களைப் பதினான்கு பதினாறு வருடம் தொடர்ந்து பார்த்து 1993இல் வெளியிட்டார்கள். புகைப்பழக்கம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், மாசு அதிகமான நகரத்தில் இறப்பு விகிதம் சுத்தமான நகரத்தைவிட 26 சதவீதம் கூடுதல். அந்த மோசமான நகரத்தின் காற்று இன்றைய வட இந்தியக் குளிர்காலத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

எண்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5க்கு வருடச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு 15 என்று இறக்கியது. நம் நாட்டின் 2009ஆம் வருட அளவுகோல் வருடத்துக்கு 40, நாளைக்கு 60. நம் காற்றுத் தரக் குறியீட்டில் 30 மைக்ரோகிராம் வரைக்கும் 'நல்லது' என்று பச்சையில் போடுவார்கள், அது உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு நாள் அளவுக்கு இரண்டு மடங்கு. செய்தியில் சொல்கிற குறியீட்டு எண் 100 என்பதும் மீட்டரில் தெரிகிற 100 மைக்ரோகிராமும் ஒன்றில்லை. குறியீடு 100 என்றால் பிஎம் 2.5 அறுபதுதான். 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில், காற்றைச் சுத்தப்படுத்த வேண்டிய நகரங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, தூத்துக்குடி, அப்புறம் நம் திருச்சியும் இருக்கிறது. காவேரி திருச்சியைத் தாண்டித்தான் நம்மிடம் வருகிறது.

இப்போது அந்தச் சின்னப் பொருள். கையடக்க பிஎம் 2.5 மீட்டர், லேசர் சென்சார் உள்ளது, நான்காயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. இந்த விமர்சனத்தில் ஒரே ஒரு சாமானுக்குத்தான் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுக்கலாம் என்றால் அது இதுதான். நாங்கள் ரோட்டுப் புகையைப் பிடிக்கத்தான் வாங்கினோம். ரோட்டோர ஜன்னலில் வைத்தால் காலை பஸ் நேரத்தில் ஏறுகிறது, மதியம் இறங்குகிறது, லாரி நின்று கிளம்பினால் குதிக்கிறது, எதிர்பார்த்ததுதான். ராத்திரி அதை அப்பாவின் அறைக்குள் கொண்டுபோய் வைத்தபோதுதான் அது 500ஐத் தாண்டி ஓடியது. கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள்.

டெல்டாவில் கொசுவுக்குப் பஞ்சமா? வாய்க்கால், வயல், குளம், எல்லாம் சேர்ந்து ஐப்பசியிலிருந்து தை வரை சாயங்காலம் ஆறு மணிக்கே கதவைச் சாத்தி சுருளைக் கொளுத்திவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவருகிற பிஎம் 2.5இன் அளவு 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று சீனா, மலேசியா நாட்டுச் சுருள்களை வைத்து 2003இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். சிகரெட்டைத் தொடாத மனுஷன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். சுருளை நிறுத்தி கொசுவலை கட்டினோம். அம்மாவுக்கு வலை பிடிக்கவில்லை ("ஏண்டி, மூச்சு முட்டுது"), ஆனால் மீட்டரில் எண் விழுவதைக் கண்ணால் பார்த்ததும் வாதாடவில்லை. அடுத்தது வெள்ளிக்கிழமை சாம்பிராணி. அதில் சமரசம்தான் முடிந்தது: "சாமிக்குப் போடாம இருக்க முடியாது", ஆகவே முற்றத்தில் போட்டுவிட்டு, புகை போன பிறகு அப்பா கூடத்துக்கு வருகிறார். பழைய வீட்டின் முற்றத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம். சமையலில் மிளகாய் தாளிக்கும் நேரத்திலும் எண் எகிறும், எக்ஸாஸ்ட் விசிறி ஓடினால் சீக்கிரமே இறங்கிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகு மிச்சம் இருந்த ரோட்டுப் புகைக்குத்தான் பெரிய இயந்திரம். இதை வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண், சிஏடிஆர். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்பது. பெட்டியின் முகப்பில் போட்டிருக்கும் '400 சதுர அடி வரை' என்பதை நம்ப வேண்டாம், பல கம்பெனிகள் மணிக்கு இரண்டு தடவைகூடக் காற்று சுற்றாத கணக்கில் அதைப் போடுகின்றன. எங்கள் அறை 12க்கு 12, உயரம் பத்தடி, கன அளவு சுமார் 41 கன மீட்டர். சிஏடிஆர் 200 உள்ள இயந்திரம் அதில் மணிக்கு ஐந்து தடவை மொத்தக் காற்றையும் வடிகட்டும். அதற்குக் குறைந்து வாங்காதீர்கள். கூடத்தில் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது: தலைக்கு மேல் வானம் தெரிகிற வீட்டில் எதை வடிகட்டுவது?

படுக்கையறையில் கதவைச் சாத்தி ஓடவிட்டால் அரை மணி நேரத்தில் மீட்டர் ஒற்றை இலக்கத்துக்கோ அதற்கு அருகிலோ வருகிறது. இயந்திரத்தின் சொந்த விளக்கை நான் நம்புவதில்லை, அது தன் காற்றைத் தானே மோந்து பார்த்துப் பச்சை காட்டுகிறது. அறையின் மறு மூலையில் தனி மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். மின்விசிறி ஓடலாம், ஒன்றும் கெடாது. குறைந்த வேகத்தில் சத்தம் இல்லை, ஆனால் அந்த வேகத்தில் காற்றும் இல்லை. முழு வேகத்தில் அப்பாவால் தூங்க முடியவில்லை. ஆகவே படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு முழு வேகம், படுத்ததும் நடு வேகம். மின்சாரம் ஒன்றும் பயப்படும்படி இல்லை, 45 வாட், ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 27 யூனிட் கூடும்.

இரண்டு எரிச்சல்கள். ஒன்று, 'அயனைசர்' என்று ஒரு பொத்தான். அதை அமுக்காதீர்கள், இந்த வகைப் பொறிகள் ஓசோன் வாயுவை உண்டாக்கலாம், ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுகிற வாயு. காசு கொடுத்து மாசு வாங்குவானேன்? இரண்டாவது, மார்கழிப் பனி. சென்சார் ஒளிச்சிதறலை வைத்து எண்ணுவதால் பனித்துளியையும் தூசியாக எண்ணிவிடும், விடியற்காலை ஜன்னலைத் திறந்தால் இயந்திரம் பேய் பிடித்த மாதிரி ஓடும். ஆனால் மார்கழி காலையில் உண்மையிலேயே புகையும் கூடத்தான் இருக்கிறது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடப்பதால் பஸ் புகை, குப்பை எரித்த புகை எதுவும் மேலே எழும்பாது. அதனால் அப்பாவின் நடை இப்போது விடிகாலையில் இல்லை, வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு, ரோட்டை விட்டு உள்தெருவில். அதே போலக் குறுவை அறுத்துத் தாளடிக்கு அவசரப்படும் நாட்களில், மழையில் நனைந்து விலை போகாத வைக்கோலைக் கொளுத்துகிறவர்கள் உண்டு, அன்றைக்கும் போகிக்கும் தீபாவளிக்கும் ஜன்னல் சாத்தி இயந்திரம் ஓடும். நல்ல மழை நாட்களில் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்போம், வடகிழக்குப் பருவமழை செய்கிற வேலையை எந்த ஃபில்டரும் செய்யாது. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நால்வழிச்சாலை வேலை வருஷக்கணக்காக இழுத்தபோது கிளம்பிய புழுதிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் பாவம், அவர்களுக்கு எந்த இயந்திரமும் தாங்கியிருக்காது.

வாயுக்களை இது பிடிக்காது, அதையும் சொல்லியாக வேண்டும். கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு எல்லாம் ஹெப்பா வழியாகத் தாராளமாகப் போகும். உள்ளே வைத்திருக்கிற மெல்லிய கரித்தாள் வாடைக்குத்தான் ஆகும்.

இதயத்துக்குப் பலன் உண்டா? ஷாங்காயில் 35 கல்லூரி மாணவர்களின் விடுதி அறைகளில் உண்மையான ஃபில்டரும் போலி ஃபில்டரும் மாற்றி மாற்றி இரண்டிரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள், 2015இல் வந்தது. உண்மையான ஃபில்டரில் அறையின் பிஎம் 2.5 பாதிக்கு மேல் குறைந்தது, ரத்த அழுத்தமும் அழற்சிக் குறிகளும் இறங்கின. அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். அளந்தது பிரஷரையும் ரத்தத்தையும், மாரடைப்பு எண்ணிக்கையை இல்லை. எனவே விளம்பரத்தில் 'இதயக் கவசம்' என்று போட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். அப்பாவின் பிரஷர் நோட்டில் எண் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது, ஆனால் அதே மாதங்களில் டாக்டர் மாத்திரையையும் மாற்றினார், அம்மா ஊறுகாயையும் ஒளித்து வைத்தார், யாருக்குப் பெயர் கொடுப்பது? மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் போடுவது இந்தப் பத்தாயிரம் ரூபாயைவிடப் பெரிய வேலை.

வெளியே போக வேண்டியிருந்தால் என்95 மாஸ்க். பெய்ஜிங்கில் 98 இதய நோயாளிகளை மாஸ்க்கோடும் மாஸ்க் இல்லாமலும் நகரத்துக்குள் நடக்கவிட்டு 2012இல் எழுதினார்கள். மாஸ்க் போட்ட நாளில் ஈசிஜியில் இதயத்துக்கு ரத்தம் போதாததன் அறிகுறி குறைவு, பிரஷரும் சற்றுக் குறைவு. துணி மாஸ்க், தோளில் கிடக்கும் துண்டு இரண்டும் 2.5க்குப் பிரயோசனம் இல்லை. அப்பா துண்டைத்தான் மூக்கில் பொத்துவார், இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

கடைசியாக அந்த சர்வீஸ் கதை. ஃபில்டர் மாற்றச் சொல்லி சிவப்பு விளக்கு எரிந்ததும் கால் சென்டருக்குப் போன் செய்தேன். முதலில் இந்தி, பிறகு ஆங்கிலம், தமிழுக்கு எண்ணை அமுக்கினால் லைன் கட். ஃபில்டர் ஸ்டாக் இல்லை, வரும், வந்ததும் சொல்கிறோம் என்றார்கள், சொல்லவே இல்லை. ஆன்லைனில் பாதி விலைக்கு 'அதே மாதிரி' ஃபில்டர் கிடைத்தது, ஓரத்தில் ரப்பர் சீல் இல்லாதது. அதைப் போட்டால் காற்று ஃபில்டருக்குள் போகாமல் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வரும், திருப்பி அனுப்பிவிட்டேன். திருச்சியிலிருந்து ஒரு சர்வீஸ்காரர் வந்தார், நல்ல பையன், "மேடம், விளக்கு மணிக்கணக்கு எண்ணித்தான் சிவப்பாகுது, அழுக்கு பாத்து இல்ல" என்று ரகசியம் சொல்லி, முன்வலையை வாக்குவம் போட்டுக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார். தனி மீட்டரில் எண் பழையபடி இறங்கும் வரை ஃபில்டரை ஓட்டலாம், இறங்க மறுத்தால் மாற்ற வேண்டும். மாற்று ஃபில்டரின் விலை என்ன, அது ஸ்டாக்கில் இருக்கிறதா, தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஆள் உண்டா, இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகு இயந்திரத்துக்குப் பணம் கட்டுங்கள். எனக்கு ஒரிஜினல் ஃபில்டர் போன வாரம்தான் வந்தது, கூரியர்காரர் கொண்டு வந்து கொடுத்த பெட்டியில் மாடல் எண் சரியாக இருந்தது.